ஃப்ளூ ஊசி: வருடா வருடம் போடணுமா, ஒருமுறை போட்டால் போதாதா?

"போன வருஷந்தானே போட்டேன்?" என்று சொல்லித்தான் அப்பா அந்த முறை ஊசியைத் தவிர்த்தார். எழுபது வயது, சர்க்கரை வேறு. அந்தப் பருவத்திலேயே ஃப்ளூ வந்தது. மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்துகொண்டு இரவெல்லாம் மூச்சுக்குத் தவித்தார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

வருடந்தோறும் போடுவது, நினைத்தால் போடுவது, போடாமலே இருப்பது. இந்த மூன்றில் மக்களை அதிகம் ஏமாற்றுவது நடுவில் உள்ளதுதான். போன வருட ஊசி இன்னும் காக்கிறது என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. ஆனால் ஊசி தந்த எதிர்ப்புச் சக்தி சில மாதங்களிலேயே தேய ஆரம்பிக்கும். வைரஸும் தன் மேற்புறப் புரதங்களைக் கொஞ்சங்கொஞ்சமாக மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும் தடுப்பூசியில் எந்த வைரஸ் வகைகள் இருக்க வேண்டும் என்று புதிதாகப் பரிந்துரைக்கிறது. 2020 மார்ச்சுக்குப் பிறகு பி யமகட்டா என்ற ஃப்ளூ வைரஸ் வகை தென்படவே இல்லை. நான்கு வகைக்கான ஊசி மறுபடி மூன்று வகைக்கானதாக மாறியது அதனால்தான்.

வேண்டாம் என்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. வைரஸோடு நன்றாகப் பொருந்தும் ஆண்டில்கூட, டாக்டரிடம் ஓடவைக்கும் ஃப்ளூவை 40 முதல் 60 சதவீதம்தான் இது குறைக்கிறது. சாதாரண சளியைத் தடுக்கவே தடுக்காது. ஆரோக்கியமான இளவயதுக்காரர் ஒரு வருடம் விட்டுவிட்டால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். நாடுகளே ஒத்துப்போகவில்லை: அமெரிக்கா 2010-இல் ஆறு மாதம் நிரம்பிய எல்லோருக்கும் பரிந்துரைத்தது; பிரிட்டனின் இலவசத் திட்டமோ பெரியவர்களில் முதியோர், கர்ப்பிணிகள், நோயாளிகள் போன்றோரையே முக்கியமாகக் கவனிக்கிறது.

"ஊசி போட்டதால்தான் ஃப்ளூவே வந்தது" என்பதை மட்டும் ஏற்க முடியாது. கையில் போடும் ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. கை வலிக்கும், ஓரிரு நாள் உடம்பு கனக்கும், சிலருக்கு லேசான காய்ச்சலும் வரலாம்; பெரும்பாலும் அவ்வளவுதான். பலன் கிடைக்க இரண்டு வாரம் ஆகும். அதற்குள் தொற்றினால் பழி ஊசி மேல் விழுகிறது. மூக்கில் பீச்சும் மருந்து வேறு ரகம். வலுவிழந்த உயிருள்ள வைரஸ் அதில் இருப்பதால் கர்ப்பிணிகளுக்குத் தருவதில்லை.

வீட்டில் முதியவரோ ஆஸ்துமா, இதய நோய் உள்ளவரோ இருந்தால் வருடந்தோறும் போடுவதே சரி, கூட இருப்பவர்களும் சேர்த்து. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்த ஊசியே கிடையாது; தாய் கர்ப்பத்தில் போட்டுக்கொண்டால்தான் அதன் எதிர்ப்புச் சக்தி குழந்தைக்கும் போய்ச் சேரும்.

இப்போதெல்லாம் பருவம் தொடங்கும் முன்பே அப்பாவும் நானும் சேர்ந்தே போய்ப் போட்டுக்கொள்கிறோம்.