ஹேங்க் வில்லியம்ஸா, டாலி பார்ட்டனா?

கன்ட்ரி என்னும் அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் பாட்டு எழுதப் பழகுபவர், அந்த வகையில் பேர்போன இந்த இரு பாடகர்-பாடலாசிரியர்களில் யாரிடமிருந்து தொடங்கலாம்?

சொல்: ஹேங்க் நாலே வரியில் தனிமையைச் சொல்லிவிடுவார். டாலி கதையாக விரிப்பார். அம்மா ஒட்டுத்துணிகளில் தைத்துக் கொடுத்த கோட்டைப் பற்றிய 1971 பாட்டைக் கேளுங்கள், கண் கலங்கும்.

கிட்டார்: ஹேங்க் எளிது, பல பாட்டுக்கு மூன்று கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) போதும். டாலியின் "ஜோலீன்" பாட்டின் விரல் மீட்டல் கைவர நாளாகும்.

பிறர் குரலில்: ஹேங்கின் "கோல்டு, கோல்டு ஹார்ட்" 1951இல் டோனி பென்னட்டால் பாப் ரசிகர்களிடம் போனது. டாலியின் "ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ" 1992இல் விட்னி ஹூஸ்டன் குரலில் உலகைச் சுற்றியது. அதற்கு வெகுமுன்பே, பாடகர் எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாட வேண்டுமென்றால் பதிப்புரிமையில் பாதி வேண்டும் என்று அவர் தரப்பு கேட்க, டாலி மறுத்துவிட்டார். என்ன துணிச்சல்!

சரி, வரியைச் சுருக்கப் பழக ஹேங்க். கதை சொல்லவும் உரிமையைக் காக்கவும் டாலி.