11.1 வோல்ட்டா, நல்ல மோட்டாரா?

எலெக்ட்ரிக் ஏர்சாஃப்ட் துப்பாக்கியின் (பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கி) சுடும் வேகத்தைக் கூட்ட 7.4 வோல்ட் பேட்டரிக்குப் பதில் 11.1 போடலாமா, இல்லை மோட்டாரையே மாற்றலாமா என்று வண்ணாரப்பேட்டைத் தம்பி ஒருவன் கேட்டான். நான் மோட்டார் கட்சி.

11.1 லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) சுலபம்தான். ரிச்சி தெருவில் வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது. நொடிக்கு 16 குண்டு போன இடத்தில் 24 வரை போகும். ஆனால் கியர்பாக்ஸுக்குள், காற்றைத் தள்ளிக் குண்டை அனுப்பும் பிஸ்டன் முழுசாக முன்னால் வந்து சேர்வதற்குள், அதைப் பின்னால் இழுக்கும் செக்டர் கியர் மறுபடி பிடித்துவிடலாம். அப்படி ஆன கியர்பாக்ஸைத் திறந்தால் பிஸ்டன் பற்கள் சீவிவிட்ட மாதிரி இருக்கும், கிரீஸில் பிளாஸ்டிக் தூள் ஒட்டிக் கிடக்கும். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை ட்ரிகருக்குப் பதில் தானே திறந்து மூடும் மாஸ்ஃபெட் என்ற எலெக்ட்ரானிக் சுவிட்ச் இல்லையென்றால் ட்ரிகர் கான்டாக்டும் கருகும்.

7.4-லேயே ஹை டார்க் (சுழற்றும் விசை அதிகமான) மோட்டார் போட்டால் நொடிக்கு இத்தனை குண்டு என்ற கணக்கு பெரிதாக ஏறாது, செலவும் கூடுதல். ஆனால் விசையைத் தொட்டதும் முதல் குண்டு கிளம்பிவிடும். ராயபுரம் சந்து மாதிரி குறுகலான களத்தில் எதிராளி மூலையில் தலை நீட்டுவதே ஒரு நொடிதான். அவரை அவுட் ஆக்குவது அந்த முதல் குண்டு. 24 வேகத்தில் 120 குண்டு மேகஸின் 5 நொடியில் காலி!

11.1 தான் வேண்டுமென்றால் முதலில் மாஸ்ஃபெட், இரும்புப் பல் வைத்த பிஸ்டன், அப்புறம் பேட்டரி. லிப்போவை மட்டும் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவிடாதீர்கள், உப்பிவிடும்.