50 ஹெர்ட்ஸ் தயக்கக் கண்ணிக் கருவி: திண்ம உலோகத்துக்கு வாங்கலாமா?

ஆய்வகங்களுக்கென விற்கப்படும் இந்தக் கருவியின் உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை: மின்வழங்கலின் 50 ஹெர்ட்ஸில் ஓடிக் காந்தப்புலம் தரும் வரிச்சுருள், மாதிரியைச் சுற்றிய உணர்சுருள், அதன் மின்னழுத்தத்தைத் தொகையிட்டு அலைக்காட்டிக்கு அனுப்பும் சுற்று. மாதிரியைச் செருகியதும் தயக்கக் கண்ணி, அதாவது புலம் ஏறி இறங்கும்போது காந்தமாக்கம் பின்தங்குவதைக் காட்டும் மூடிய வளைவு, திரையில் வந்துவிடும். வகுப்பில் காந்தத் தயக்கத்தைக் காட்ட இது போதும். காந்த நீக்குத்திறனை, அதாவது காந்தமாக்கத்தைச் சுழியாக்கத் தேவைப்படும் எதிர்ப்புலத்தை (கண்ணியின் அகலத்தில் பாதி), அளக்கத்தான் யோசிக்க வேண்டும்.

தொல்லை சுழல் மின்னோட்டத்தால், அதாவது மாறும் புலம் உலோகத்துக்குள் தூண்டும் மின்னோட்டத்தால், வருகிறது. இரும்பின் மின்தடை எண் சுமார் 10⁻⁷ ஓம் மீட்டர். ஒப்புமை உட்புகுதிறனை (வெற்றிடத்தோடு ஒப்பிட்ட காந்த உட்புகுதிறன்) 1000 என்று கொண்டால், 50 ஹெர்ட்ஸில் 0.7 மி.மீ. ஆழத்துக்குள்ளேயே புலம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். 5 மி.மீ. தடிமனுள்ள தண்டைப் போட்டால் கண்ணி கொழுத்து, நுனிகள் உருண்டு தெரியும். அந்த அகலத்தில் பெரும்பகுதி சுழல் மின்னோட்டத்தின் வேலை. நன்கு பதப்படுத்திய தூய இரும்பின் நீக்குத்திறன் 80 ஆம்பியர்/மீட்டருக்கும் கீழே போகும்; திரையில் படிக்கும் எண்ணை அதோடு ஒப்பிட்டுப் பயனில்லை. அரை மி.மீ. கம்பி என்றால் நிலைமை பரவாயில்லை.

மாதிரியின் வடிவமும் முக்கியம். நிக்கல் கோளத்தைத் தெவிட்ட வைக்க (இனி ஏறாத அளவுக்குக் காந்தமாக்க), காந்தநீக்கப் புலத்தை, அதாவது மாதிரியின் காந்தமாக்கமே உள்ளே உண்டாக்கும் எதிர்ப்புலத்தை, வெல்லவே 162 கிலோ ஆம்பியர்/மீட்டர் வேண்டும்; இந்த வரிச்சுருளுக்கு அது எட்டாது. அகலத்தைப் போல் பத்து மடங்கு நீளமுள்ள நீள்வட்டத் திண்மத்துக்கு 10 கிலோ ஆம்பியர்/மீட்டர் போதும். கண்ணி சாய்ந்து தெரிந்தாலும் பயப்பட வேண்டாம்: காந்தமாக்கம் சுழியாகும் இடத்தில் காந்தநீக்கப் புலமும் சுழி, எனவே நீக்குத்திறன் மாறாது. கெடுவது தேக்குத்திறன்தான் (புலத்தை நீக்கியபின் எஞ்சும் காந்தமாக்கம்).

மாதிரி இல்லாமல் முதலில் ஓட்டிப் பாருங்கள். கோடு வராமல் நீள்வட்டம் விரிந்தால் கட்டப் பிழை (இரு சைகைகளும் ஒன்றுக்கொன்று நேரத்தில் விலகியிருப்பது). அதைச் சரிசெய்யாமல் அளக்கக் கூடாது. புவியின் புலம் கண்ணியைப் பக்கவாட்டில் தள்ளும் என்பதால், ஒரு பக்கத்தை மட்டும் படிக்காமல் முழு அகலத்தில் பாதியை எடுங்கள். ரம்பத்தால் அறுத்த மாதிரியை அப்படியே போடாதீர்கள், அறுப்பதால் உலோகத்தில் உண்டாகும் திரிபு நீக்குத்திறனை ஏற்றிவிடும். இரும்பு ஒற்றைப் படிகத்தைப் பதப்படுத்தும்போது 912° செல்சியஸைத் தாண்டினால் அணுக்களின் அடுக்கு மாறி, குளிரும்போது பல்படிகமாகிவிடும்.

அதிர்வெண்ணைக் குறைக்க வசதியுள்ள கருவி கிடைத்தால் அதையே வாங்கலாம்: சில அதிர்வெண்களில் அளந்து, சுழி அதிர்வெண்ணுக்கு நீட்டிப் பார்க்க முடியும். 50 ஹெர்ட்ஸ் மட்டும் என்றால் கம்பிக்கும் மெல்லிய தகட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தண்டுக்கும் கட்டிக்கும் ஐஇசி (பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம்) 60404-7 தரத்தின்படியான திறந்த காந்தச் சுற்று முறையே சரி.