நீலமா, பழுப்பா, சிவப்பா: தினசரி வேலைக்கு எந்த மெக்கானிக்கல் கீபோர்டு?

மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கப் போகிறேன், எது நல்லது என்று யாராவது கேட்டால் நான் பட்ஜெட்டை முதலில் விசாரிப்பதில்லை. நீங்கள் தட்டும்போது காது கேட்கும் தூரத்தில் யார் இருப்பார்கள் என்றுதான் கேட்பேன். எனக்கு இந்தப் பாடம் வீட்டிலேயே கிடைத்தது. சில வருடங்களுக்கு முன் ஆசையாக ஒரு நீல ஸ்விட்ச் கீபோர்டு (தட்டும்போதெல்லாம் 'க்ளிக்' என்று சத்தம் வரும் ரகம்) வாங்கி, ராத்திரி மொழிபெயர்ப்பு வேலைக்கு உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் அம்மா எழுந்து வந்து, "ஏன்டா, பன்னெண்டு மணிக்கு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துறியா?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்தார். அம்மா அந்தக் காலத்தில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தவர், சத்தம் எப்படி இருக்கும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இங்கே நான் ஒப்பிடப் போவது நாலு வகை. வங்கிக் கவுண்டரிலும் மளிகைக்கடை பில் போடும் மேசையிலும் நீங்கள் பார்த்திருக்கும் டிவிஎஸ் கோல்டு. இணையத்தில் எங்கே திரும்பினாலும் பரிந்துரைக்கப்படும் கீக்ரான், குறிப்பாக அதன் கே2, கே8. உயரம் குறைந்த லாஜிடெக் எம்எக்ஸ் மெக்கானிக்கல். அப்புறம், கம்ப்யூட்டரோடு வந்த சாதா ரப்பர் கீபோர்டு. அதையும் ஒரு போட்டியாளராகத்தான் வைக்கிறேன், ஏனென்றால் சில பேருக்கு அதுவே போதும்.

வித்தியாசம் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரே வரியில்: சாதா கீபோர்டில் எல்லா கீக்கும் அடியில் ரப்பர் குமிழ்கள், ஒவ்வொன்றையும் தரை தட்டும் வரை அமுக்கினால்தான் எழுத்து விழும். மெக்கானிக்கலில் ஒவ்வொரு கீக்கும் ஸ்பிரிங் வைத்த தனி ஸ்விட்ச், பொதுவாக 4 மில்லிமீட்டர் இறங்கும், பாதி வழியில், 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து பதிவாகிவிடும். அதனால் அடிவரை அமுக்க வேண்டியதே இல்லை என்பார்கள். சும்மா சொல்கிறார்கள். ரெமிங்டன், ஃபேசிட் டைப்ரைட்டர்களில் பழகிய நம்மூர் விரல்கள் அடிவரை போய்த்தான் நிற்கும், நானும் மாற்றிப் பார்த்துத் தோற்றவன்தான்.

ஸ்விட்சின் நிறக் கணக்கு ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் ஆரம்பித்துவைத்தது. சிவப்பு என்றால் வழுவழுவென்று நேராக இறங்கும், பழுப்பு என்றால் நடுவில் ஒரு சின்ன மேடு விரலில் தட்டும், நீலம் என்றால் மேட்டோடு 'க்ளிக்' என்ற சத்தமும் உண்டு. செர்ரியின் காப்புரிமை காலாவதியான பிறகு கேட்டரான், கைல், அவுட்டெமு என்று சீன நிறுவனங்கள் அதே அமைப்பில் ஸ்விட்ச் செய்யத் தொடங்கின, நிறங்களையும் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டன. கேட்டரானை மட்டமான நகல் என்று நினைத்துவிடாதீர்கள். சிவப்பில் அதன் வழுவழுப்பு செர்ரியை விட எனக்குப் பிடிக்கும்.

முதலில் டிவிஎஸ் கோல்டு. சென்னையின் டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸ் தயாரிப்பு, செர்ரி நீல ஸ்விட்சோடு வந்து பெயர் வாங்கியது, முழு அளவு, நம்பர் பேட், வயர், அவ்வளவுதான். பாரத் என்ற வடிவத்தில் ரூபாய் குறியும் கீயில் அச்சாகியிருக்கும். விளக்கு கிடையாது, புளூடூத் கிடையாது, பார்க்க ஒரு அழகும் கிடையாது. ஆனால் நாள் முழுக்க பில் நம்பரும் ஜிஎஸ்டி எண்ணும் அடிப்பவருக்கு, திரையைப் பார்க்காமல் எண்களை ஓட்டும்போது ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு 'க்ளிக்' கிடைப்பது உண்மையிலேயே உதவி. விழுந்ததா இல்லையா என்று காதே சொல்லிவிடும். கடையில் அந்தச் சத்தம் யாருக்கும் தொந்தரவும் இல்லை, மிக்ஸி ஓடும் தெருவில் கீபோர்டு சத்தத்தை யார் கவனிக்கப் போகிறார்கள். நம்பர் பேட் வேலை உள்ளவர், தனி அறை அல்லது கடை, வேறு எதையும் தேட வேண்டாம் என்பேன்.

மற்றவர்களுக்கு நீலம் வேண்டாம் என்கிறேன், சத்தம் பாதிக் காரணம்தான். மீட்டிங்கில் மைக் திறந்திருந்தால் நீங்கள் குறிப்பு எடுப்பது எல்லோர் காதிலும் கேட்கும், அது தெரிந்த விஷயம். இன்னொரு காரணத்தை யாரும் பேசுவதில்லை, தமிழ் அடிப்பவர்கள் மட்டுமே கவனிக்கக்கூடியது.

தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு அமைப்பில் ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானாக விழும், 'க' கீயை இரண்டு தட்டு தட்டினால் 'க்க'. பக்கம், பட்டம், அப்பா, பத்து என்று நம் மொழியில் இரட்டிப்பு இல்லாத வரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆக ஒரே கீயை அடுத்தடுத்து வேகமாகத் தட்டுவது நமக்கு ஆங்கிலக்காரரை விடப் பல மடங்கு அதிகம். செர்ரி வகை நீல ஸ்விட்சில் க்ளிக் கொடுக்கும் துண்டு தனியாக நகர்வதால், எழுத்து பதிவாகும் இடமும் ஸ்விட்ச் மீண்டும் தயாராகும் இடமும் ஒன்றாக இருக்காது. விரலைக் கொஞ்சம் மேலேயே தூக்கினால்தான் இரண்டாவது தட்டு கணக்கில் வரும். வேகமாக அடிக்கும்போது 'பக்கம்' 'பகம்' ஆகிவிடும். சிவப்பில் இந்தச் சிக்கல் அநேகமாக இல்லை, பழுப்பில் உறுத்தும் அளவுக்கு இல்லை.

தமிழ்99 பற்றி ஆரம்பித்துவிட்டதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உயிர் இடது கையில், மெய் வலது கையில் என்பது அருமையான அமைப்பு, ஆனால் வலது சுண்டுவிரலின் நிலைமையைப் பாருங்கள்: ந, ய, ண, ச, ஞ, ழ ஆறும் அதன் தலையில், போதாததற்கு எண்டரும் பேக்ஸ்பேஸும். கையிலேயே பலம் குறைந்த விரல் அது. சிவப்பு ஸ்விட்சுக்கு ஏறக்குறைய 45 கிராம் அழுத்தம் போதும், நீலத்துக்கு 60 பக்கத்தில். காகிதத்தில் 15 கிராம் ஒன்றுமில்லை. நாலாயிரம் சொல் அடித்த நாளின் மாலையில் கேளுங்கள், சுண்டுவிரல் பதில் சொல்லும். ஸ்விட்ச் எது என்று தமிழில் எழுதுபவர் யோசித்தால், லேசான ஸ்பிரிங் என்பதை முதல் நிபந்தனையாக வையுங்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் அடித்துச் சொல்லும் விஷயம். (எழுத்து கீயில் தமிழில் அச்சாகியிருக்க வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம், ஒரு வாரத்தில் பார்க்காமல் அடிப்பீர்கள்.)

சரி, கீக்ரானுக்கு வருவோம். கே2 என்பது 75% அளவு, 84 கீ: நம்பர் பேடை வெட்டிவிட்டு, அம்புக்குறிகளை உள்ளே இழுத்து, ஹோம், எண்ட், பேஜ்அப் எல்லாம் வலது ஓரம் ஒரே வரிசையில். கே8-இல் 87 கீ, நம்பர் பேட் மட்டும் இல்லை, மற்றதெல்லாம் பழைய இடத்தில். இரண்டும் புளூடூத்தில் மூன்று கருவிகளோடு சேரும், வயரிலும் ஓடும், மேக்குக்கும் விண்டோஸுக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான். போட்டோவில் கே2 அழகு. மேசையில் இடமும் மிச்சம், மவுஸ் கைக்குப் பக்கத்தில் வந்துவிடும், தோள்பட்டைக்கு நல்லது. ஆனால் ஒலிபெயர்ப்பு முறையில், அதாவது ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழ் வரவழைப்பவர்கள், ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்த முறையில் 'ற'வுக்கும் 'ள'வுக்கும் 'ண'வுக்கும் ஷிப்ட் வேண்டும். 'ற' வரும் ஆர் கீ இடது கையில் இருப்பதால் ஷிப்டுக்குப் போவது வலது சுண்டுவிரல். கே2-இல் வலது ஷிப்ட் குட்டை, அதன் பக்கத்திலேயே மேல் அம்பு. கொஞ்சம் தள்ளிப் பட்டால் கர்சர் மேல் வரிக்குத் தாவி, நீங்கள் எழுத வேண்டிய 'ற' வேறு வாக்கியத்தின் நடுவில் 'ர'வாக விழுந்து கிடக்கும். பழகிவிடும் என்கிறார்கள், எனக்கு இரண்டு மாதம் ஆகியும் பழகவில்லை. அதனால் 75%-ஐ விட 87 கீதான் என் சிபாரிசு. தமிழ்99-காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, அங்கே ஷிப்ட் பெரும்பாலும் ஸ, ஷ, ஜ, ஹ மாதிரி கிரந்த எழுத்துகளுக்குத்தான்.

உயரம் ஒன்று இருக்கிறது. கே2-வும் கே8-உம் மேசையிலிருந்து நன்றாகத் தூக்கி நிற்பவை, மணிக்கட்டை மடக்கி அடிக்க வேண்டிவரும், முன்னால் ஒரு மரக்கட்டையோ துணி மடிப்போ வைத்தால்தான் சௌகரியம். லாஜிடெக் எம்எக்ஸ் மெக்கானிக்கல் ஜெயிப்பது இந்த இடத்தில். 2022-இல் வந்தது, தட்டையான ஸ்விட்ச், லேப்டாப்பிலேயே வருடக்கணக்காக அடித்தவருக்கு முதல் நாளே கை படியும். பழுப்பு, சிவப்பு, நீலம் மூன்றும் உண்டு, அதில் பழுப்பைத்தான் அமைதியானது என்று விற்கிறார்கள், ஆபீஸில் அடித்தால் பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்க்கமாட்டார். விளக்கை அணைத்துவிட்டால் ஒரு சார்ஜில் 10 மாதம் வரை என்கிறது நிறுவனம், போட்டால் 15 நாள். குறை என்று பார்த்தால் விலை, அதைவிட முக்கியமாக, ஸ்விட்சைக் கழற்ற முடியாது. ஒரு கீ கெட்டால் நாமே சரிசெய்ய வழியில்லை.

கழற்றுவது அவ்வளவு முக்கியமா? முக்கியம். என் இரண்டாவது கீபோர்டு பெயரே கேள்விப்படாத ஒரு மலிவு ரகம், பழுப்பு ஸ்விட்ச், ஏழாவது மாதம் 'க' கீ ஒரு தட்டுக்கு இரண்டு முறை பதிவாக ஆரம்பித்தது. ஆங்கிலத்தில் இது எழுத்துப்பிழை, கண்ணுக்குத் தெரியும். தமிழ்99-இல் அதுவே ஒழுங்கான 'க்க' ஆகிவிடுகிறதே! 'மகன்' என்று அடித்தால் 'மக்கன்', 'பகல்' என்று அடித்தால் 'பக்கல்', ஒரு அத்தியாயம் முழுக்க இப்படியே போய், திருத்துபவர் போன் போட்டு "மக்கன்னு யாரு சார் புதுசா?" என்று கேட்ட பிறகுதான் கவனித்தேன். ஸ்விட்ச் பலகையோடு சால்டர் செய்யப்பட்டது, சால்டர் பிடிக்கத் தெரியாத நான் கீபோர்டையே பரணில் போட்டேன். ஹாட்ஸ்வாப், அதாவது சால்டர் இல்லாமல் ஸ்விட்ச் மாற்றும் வசதி, இருந்திருந்தால் ஒரு ஸ்விட்சைப் பிடுங்கி இன்னொன்றைச் செருகி அஞ்சு நிமிடத்தில் வேலையைத் தொடர்ந்திருப்பேன். கீக்ரானில் ஹாட்ஸ்வாப் உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு, ஒரே மாடல் பெயரிலேயே இரண்டும் விற்பதால் வாங்கும் பக்கத்தில் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பழுப்பா சிவப்பா என்ற பஞ்சாயத்துக்கு நான் அதிக நேரம் செலவழிக்கமாட்டேன். பழுப்பின் மேடு அத்தனை லேசானது, சிவப்புக்குள் மணல் விழுந்த மாதிரி இருக்கிறது என்று கிண்டல் செய்வோர் உண்டு, பாதி உண்மை. ஆனால் சத்தம் பிரச்சினை என்றால் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: சைலண்ட் சிவப்பு. உள்ளே சின்ன ரப்பர் மெத்தை, அடியில் இடிக்கும் 'டொக்'கும் மேலே திரும்பும்போது வரும் 'டக்'கும் அமுங்கிவிடும். கொஞ்சம் மாவில் விரல் வைத்த மாதிரி இருக்கும், முதல் வாரம் பிடிக்காது. இப்போது என் மேசையில் இருப்பது 87 கீ ஹாட்ஸ்வாப் போர்டில் சைலண்ட் சிவப்புதான். அம்மா எழுந்து வருவதில்லை.

ரப்பர் கீபோர்டை யார் வைத்துக்கொள்ளலாம் என்றால், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக அடிப்பவர், மேசையில் டீ கொட்டும் பழக்கம் உள்ளவர், அப்புறம் மணிக்கட்டு வலிக்காக மெக்கானிக்கல் வாங்க நினைப்பவர். கடைசி ஆளுக்கு நாற்காலி உயரமும் மேசை உயரமும் சரியில்லை என்றால் எந்த ஸ்விட்சும் உதவாது. சாப்பாட்டு மேசையில் லேப்டாப் வைத்து வேலை செய்துகொண்டு கீபோர்டைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

கீகேப்பில், அதாவது விரல் படும் மேல்மூடியில், பிபிடி, ஏபிஎஸ் என்று இரண்டு பிளாஸ்டிக். ஏபிஎஸ் வழவழப்பு, விரல் எண்ணெய் பட்டுப்பட்டு சில மாதங்களில் பளபளவென்று ஆகிவிடும், சென்னை மே மாத வியர்வையில் இன்னும் சீக்கிரம். பிபிடி சொரசொரப்பு, நெடுநாள் அப்படியே இருக்கும். ஒரே விலையில் இரண்டும் கிடைத்தால் பிபிடி.

எதை வாங்கினாலும் பெட்டி வந்த அன்றே ஸ்பேஸ்பாரின் இடது மூலை, வலது மூலை இரண்டையும் தனித்தனியாகத் தட்டிப் பாருங்கள். தகர டப்பா மாதிரி சலசலத்தால், அல்லது ஒரு மூலையில் பிடித்துக்கொண்டால், திருப்பி அனுப்பும் தேதி முடிவதற்குள் முடிவு எடுத்துவிடுங்கள். தமிழ்99-காரர்கள் கூடவே பக்கம், மகன் இரண்டையும் பத்துப் பத்து முறை அடித்துப் பார்க்கலாம்.