நீல இன்ஹேலரும் பழுப்பு இன்ஹேலரும்: வீசிங் உள்ளவளின் அனுபவம்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். மார்கழிப் பனியும் ஒட்டடை அடிக்கிற நாளும் எனக்கு ஆகாது. இந்த இரண்டு இன்ஹேலரையும் மூன்று வருடமாகப் பயன்படுத்துகிறேன்.

முதலில் நீல நிற சால்பியூட்டமால். இரண்டு பஃப் இழுத்தால் ஐந்து நிமிடத்துக்குள் நெஞ்சில் கட்டி வைத்த கயிறு தளர்ந்த மாதிரி இருக்கும், அது நாலு மணி நேரமாவது தாங்கும். இத்தனைக்கும் ஒரு பஃப்பில் இருப்பது 100 மைக்ரோகிராம் மருந்துதான், ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு போதும், ஏனென்றால் இந்த மருந்து செல்லுக்குள் போய் வேலை செய்வதில்லை, வாசலில் நின்று சேதி சொல்கிறது. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை செல்களின் மேல் பீட்டா-2 என்ற ஏற்பி, அதாவது வெளியே இருந்து வரும் சேதியை வாங்கும் புரதம், இருக்கிறது, நம் உடம்பில் சுரக்கும் அட்ரினலினுக்கானது. சால்பியூட்டமால் அதில் போய் உட்கார்ந்ததும் ஏற்பியின் வடிவம் மாறுகிறது, உள்பக்கம் ஜி புரதம் விழித்துக்கொள்கிறது, அது ஒரு நொதியை முடுக்கிவிட, சைக்ளிக் ஏஎம்பி என்ற சின்ன மூலக்கூறு ஏராளமாக உருவாகி, தசையை இறுக்கத்திலிருந்து விடுவிக்கிறது. வெளியே வந்த ஒரு சேதி உள்ளே பல மடங்காகப் பெருகிவிடுகிறது. இந்தச் சைக்ளிக் ஏஎம்பியைக் கண்டுபிடித்த ஏர்ல் சதர்லேண்டுக்கு 1971இல் நோபல் கிடைத்தது. இந்த வகை ஏற்பிகளை ஆராய்ந்த லெஃப்கோவிட்ஸ், கோபில்கா இருவருக்கும் 2012இல்.

குறை என்றால், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அதே ஏற்பி கைத்தசையிலும் இதயத்திலும் இருக்கிறதே. முதல் தடவை பயந்தே போனேன், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது.

இன்னொரு விஷயத்தைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு வருடம் நீலத்தை மட்டுமே நம்பி, தினமும் ஏழெட்டு தடவை அடித்தேன், போகப் போக முன்னளவுக்குக் கேட்கவில்லை. ஒரே சேதி ஓயாமல் வந்துகொண்டே இருந்தால் செல் காதைப் பொத்திக்கொள்ளும். அரெஸ்டின் என்ற புரதம் ஏற்பியில் வந்து ஒட்டி ஜி புரதத்தைத் தடுக்கும், ஏற்பியையே உள்ளே இழுத்தும் கொள்ளும். அதோடு மூச்சுக்குழாயின் வீக்கத்தை நீலம் தொடுவதே இல்லை, அது பாட்டுக்கு உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். நீலத்தை மட்டும் வைத்து ஆஸ்துமாவைச் சமாளிப்பதை உலக ஆஸ்துமா வழிகாட்டிக் குழுவான ஜினா 2019இலிருந்து பரிந்துரைப்பதில்லை.

அப்புறம்தான் பழுப்பு, அதாவது பியூடசோனைடு, ஸ்டீராய்டு வகை. இழுத்ததும் எதுவும் தெரியாது, பத்து நாளில் நிறுத்திவிட்டேன், தப்பு என்னுடையது. இது கொழுப்பில் கரையும் என்பதால் செல்லின் சவ்வைத் தாண்டி நேராக உள்ளே போய், அங்கே காத்திருக்கும் ஏற்பியோடு சேர்ந்து உட்கருவுக்குள் நுழைந்து, எந்த மரபணு பேச வேண்டும், எது அடங்க வேண்டும் என்பதையே மாற்றுகிறது. புதுப் புரதம் உருவாகி, பழையது தீர்ந்து, வீக்கம் வற்ற நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். பீட்டா-2 ஏற்பிகளைக் கூடுதலாகச் செய்யவும் இதுவே சொல்கிறது, அதனால் நீலமும் நன்றாகக் கேட்கும். மறுபடி ஒழுங்காக ஆரம்பித்து இரண்டு மாதம் கழித்துத்தான் ராத்திரி எழாமல் தூங்கினேன். இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லையென்றால் நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படியும்.

ஸ்பேசர், அதாவது இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டும் குழாய், கட்டாயம் வாங்குங்கள். அது இல்லாமல் அடித்தால் நிறைய மருந்து தொண்டையிலேயே ஒட்டிவிடும், மூச்சுக்குழாய் வரை போய்ச் சேருவது கொஞ்சம்தான். இன்ஹேலரில் எண்ணிக்கை காட்டும் மீட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். நான் முன்பு வாங்கிய ஒன்றில் இல்லை, நடுராத்திரி இழுக்கும்போது வெறும் காற்றுதான் வந்தது.

ஐந்துக்கு என் மதிப்பெண்: நீலத்துக்கு 4, பழுப்புக்கு 5. அளவை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.