அறைக்கு ஒரு நேரம்: ஃபிரிட்ஸ் டெக்ட் 301 ஹீற்றர் தெர்மோஸ்ராற்

ஜெர்மனியில் பழைய மாடிக் கட்டிடங்களில் வாடகைக்கு இருக்கிற எங்கட ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். நிலவறையில் எல்லா வீட்டுக்கும் பொதுவாகச் சுடுதண்ணீர் அனுப்புகிற ஒரு பொய்லர், ஒவ்வோர் அறையிலும் யன்னலுக்குக் கீழே ஒரு ஹீற்றர், அதன் பக்கத்தில் 1 முதல் 5 வரை இலக்கம் போட்ட குமிழ். அந்தக் குமிழைக் கழற்றிவிட்டு, நேரம் பார்த்துத் தானே திறந்து மூடுகிற தெர்மோஸ்ராற் ஒன்றைப் பூட்டலாம். நாங்கள் பூட்டியது பேர்லினில் உள்ள, முன்பு ஏவிஎம் என்று பெயர் கொண்டிருந்த ஃபிரிட்ஸ் நிறுவனத்தின் ஃபிரிட்ஸ் டெக்ட் 301. ஒரு குளிர்காலம் முழுக்கப் பாவித்த பிறகு சொல்கிறேன்: ஆட்கள் வெவ்வேறு நேரத்தில் வந்து போகிற வீடென்றால் தாராளமாக வாங்குங்கள். நாள் முழுக்க ஆள் இருக்கிற அறைக்கு மட்டும் வேண்டாம்.

நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். காலை முறை என்றால் 6 மணிக்கு அங்கே நிற்கவேணும். இவருக்குப் பின்னேர வேலை. மகள் பள்ளிக்கூடம் விட்டு மத்தியானம் கழிய வருவாள். அம்மா எந்நேரமும் வீட்டில்தான். அதனால் எங்கள் குளியலறைக்கு விடிய 5 மணிக்கு முன் சூடு வேணும், வரவேற்பறைக்கு மத்தியானம் வரை தேவையே இல்லை. கையால் திருகி இதைச் செய்ய முடியாது. நித்திரையால் எழும்பித் திருகினாலும் அறை சூடாக முன்னம் நான் பஸ்ஸில் ஏறியிருப்பேன்.

“பிள்ளை, அஞ்சிலை விடு, கெதியாச் சூடாகட்டும்” என்று அம்மா சொல்லுவா. இப்படி நினைக்கிற ஆட்கள் நிறையப் பேர். பழைய குமிழுக்குள் இருப்பது சூட்டில் விரிகிற மெழுகு அல்லது திரவம். அறை சூடாக அது விரிந்து, வால்வின் ஊசியை அழுத்தி, தண்ணீரை மறிக்கும். 3 என்றால் ஏறத்தாழ 20 பாகை, 5 என்றால் 28 பாகை. குளிர்ந்து கிடக்கும் அறையில் 3 இல் விட்டாலும் 5 இல் விட்டாலும் சூடு ஒரே வேகத்தில்தான் ஏறும். 5 இல் விட்டால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது, அவ்வளவுதான். 301 இன் முகத்தில் பாகையே பெரிய எழுத்தில் தெரியும். 21 என்று கண்ணால் பார்த்த நாளிலிருந்து அம்மா குமிழைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு இந்தக் கருவியில் மிகவும் பிடித்தது இதுதான்.

பூட்டுவதற்குக் குழாய்க்காரர் தேவையில்லை. பழையதை 5 க்குத் திருப்பி, வால்வோடு சேர்கிற வளையத்தை இடப்பக்கம் சுற்றினால் கழன்று வரும். தண்ணீர் வராது, ஏனென்றால் வால்வு அப்படியே இருக்கிறது. அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஊசியை ஒரு மரத்துண்டால் மெல்ல அழுத்திப் பாருங்கள். உள்ளே போய்த் திரும்பி வரவேணும். கோடை முழுக்க மூடிக் கிடந்த வால்வில் இது இறுகியிருப்பது வழக்கம். இறுகியிருந்தால் கட்டிடத்தைப் பராமரிக்கிற ஹவுஸ்மைஸ்டரைக் கூப்பிடுங்கள், குறட்டால் பிடித்து இழுக்க வேண்டாம். பெரும்பாலான வால்வுகளின் புரி எம் 30 × 1.5 என்ற அளவு, அதில் இது நேரே பொருந்தும். டான்ஃபொஸ் என்ற நிறுவனத்தின் வால்வு என்றால் இடையில் ஒரு இணைப்பு வளையம் வேணும். கழற்றிய குமிழ்கள் வீட்டுக்காரருடையவை. எந்த அறையுடையது என்று எழுதி நிலவறையில் வையுங்கள், வீடு மாறும்போது திரும்பப் பூட்டவேணும்.

நேரம் போடுவது அதே நிறுவனத்தின் ஃபிரிட்ஸ்பொக்ஸ் ரௌட்டரில். அந்த ரௌட்டர் இல்லாதவர்கள் வேறு கருவிதான் பார்க்கவேணும். கிழமையில் ஒவ்வொரு நாளுக்கும் தனி நேரம் போடலாம், வேலை முறை மாறுகிற என்னைப் போன்ற ஆட்களுக்கு இது பெரிய உதவி. இணையம் நின்றாலும் அட்டவணை ஓடும், வீட்டில் ஆள் எப்போது இருக்கிறது என்ற விபரம் வெளியே எங்கும் போகத் தேவையில்லை. 5 மணிக்கு 22 பாகை வேணும் என்று சொன்னால், எத்தனை மணிக்குத் தொடங்கவேணும் என்பதைத் தானே பழகிக்கொள்ளும் வசதியும் உண்டு. போனில் மாற்றினால் உடனே அசையாது. பற்றரியை மிச்சம் பிடிக்க இடையிடையேதான் ரௌட்டரோடு பேசும், கால் மணித்தியாலம் வரை பொறுக்கவேணும்.

அது அளப்பது ஹீற்றருக்குப் பக்கத்துக் காற்றை. நாங்கள் இருப்பதோ சோபாவில். தடித்த திரைச்சீலை ஹீற்றரை மூடித் தொங்கினால் உள்ளே சூடு தேங்கி, அறை குளிராக இருக்கவே வால்வு மூடிவிடும். திரையைச் சிறிதாக வெட்டித் தையுங்கள். பிறகு மேசையில் சாதாரண வெப்பமானி ஒன்றை வைத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அமைப்பில் போடுங்கள். இதைச் செய்யாமல் கருவியைக் குறை சொல்வது நியாயமில்லை.

தாளித்த மணம் போக யன்னலைத் திறந்தால், திடீரென்று சூடு இறங்குவதைக் கண்டு கொஞ்ச நேரம் தானே மூடிக்கொள்ளும். மோட்டார் உள்ள எந்தத் தெர்மோஸ்ராற்றும் அசையும்போது உறுமும். தலைமாட்டில் ஹீற்றர் இருந்தால், இரவில் சூடு மாறாதபடி நேரத்தைப் போடுங்கள்.

காசைப் பற்றி. இங்கே சூட்டுச் செலவில் ஆகக் குறைந்தது 50, கூடியது 70 வீதம் பாவனையைப் பார்த்துப் பிரிக்கவேணும் என்பது சட்டம். ஒரு பாகை குறைத்தால் 6 வீதம் அளவில் மிச்சம் என்பது பொதுவான கணக்கு. அதற்காக 16 பாகைக்குக் கீழே இறக்காதீர்கள். எங்கள் சமையலில் எழும் ஆவி குளிர்ந்த சுவரில் படிந்து பூஞ்சணம் பிடிக்கும், அதைத் துடைத்துப் பூச்சு அடிப்பது மிச்சம் பிடித்த காசை விழுங்கிவிடும்.

வாங்க முன்னம் ஒன்றைக் கேளுங்கள்: நிலவறைப் பொய்லர் இரவில் எத்தனை மணிக்குத் தணிகிறது, விடிய எத்தனை மணிக்கு ஏறுகிறது? பொய்லர் 6 மணிக்குத்தான் ஏறும் என்றால், வால்வு 4 மணிக்குத் திறந்தும் வருவது வெதுவெதுப்பான தண்ணீர்தான்.

நாங்கள் வாங்கும்போது ஒன்று ஏறத்தாழ 50 யூரோ. குளியலறை, வரவேற்பறை, மகளின் அறை மூன்றுக்கும் ஒவ்வொன்று போதும். அம்மாவின் அறையில் பழைய குமிழ், இரவும் பகலும் 3 இல்.