மரத்தின் மேல் குறையில்லை, அதோடு வந்த மண்ணைத்தான் மன்னிக்க முடியவில்லை

வீட்டுக்குள் வைக்க ஃபைகஸ் போன்சாய், அதாவது ஆழமில்லாத தொட்டியில் குட்டையாக வளர்த்த ஆல், அத்தி இன மரம், வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். என் மரத்துக்குத் தொட்டி மாற்றி முடித்த கையோடு எழுதுகிறேன், அதனால் கொஞ்சம் சூடாகவே இருக்கும்.

மரம் அருமையானது. வெட்டிய இடத்திலெல்லாம் துளிர்க்கிறது, அறைக் காற்றின் வறட்சியைத் தாங்குகிறது. என் கோபமெல்லாம் அதோடு வந்த கறுப்பு மண்ணின் மேல்தான். முதல்முறை மண் மாற்றியபோது வேருக்கு அதிர்ச்சி வேண்டாமென்று அடிமரத்தை ஒட்டிய பகுதியை மட்டும் தொடாமல் விட்டிருந்தேன். இந்த முறை பார்த்தால், சுற்றிலும் வேர் செழித்திருக்க, நடுவில் அந்தக் கட்டி மட்டும் இறுகிக் கிடக்கிறது. அதற்குள் உயிருள்ள வேர் ஒன்றுகூட இல்லை.

மலிவாகக் கிடைக்கும் போன்சாய்கள் பெரும்பாலும் பீட்டும் (சதுப்புநிலத்தில் பாதி மட்கிய பாசி) களிமண்ணும் கலந்த மண்ணில்தான் வருகின்றன. பீட் ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது. ஊற்றியதெல்லாம் தொட்டி ஓரமாக வழிந்து தட்டில் நிற்கும், நடுவேர் காய்ந்தே இருக்கும். தொட்டியோடு தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி அடங்கும்வரை வைத்தால்தான் நனையும். நனைந்தபின் நிலைமை தலைகீழ். வெளிச்சம் குறைந்த அறையில் மரம் குடிப்பதே கொஞ்சம், அதனால் ஈரம் நாள்கணக்கில் வற்றாது. காற்றில்லாமல் வேர் அழுகும். தாகத்திலும் இலை உதிர்கிறது, அழுகலிலும் உதிர்கிறது. பார்ப்பவர் என்ன செய்வார், இன்னும் கொஞ்சம் ஊற்றுவார். இதில் ‘வாரம் ஒருமுறை தண்ணீர்’ என்று மரத்தோடு வரும் அட்டை வேறு.

தொட்டி ஆழமில்லாமல் இருப்பதும் சேர்ந்து கெடுக்கிறது. எந்த மண்ணிலும் வடிந்தபின் அடியில் ஒரு ஈர அடுக்கு தங்கும். அதன் உயரத்தைத் தீர்மானிப்பது மண்துகளின் அளவு. தொட்டியின் ஆழம் அல்ல. நனைந்த ஸ்பாஞ்சைப் படுக்க வைத்தால் சொட்டுவது நின்றுவிடும், அதையே நிமிர்த்தினால் மறுபடி சொட்டும். போன்சாய் தொட்டி படுத்த ஸ்பாஞ்ச். பொடிமண் நிரப்பினால் வேரில் பெரும்பங்கு அந்த ஈரத்துக்குள்தான். அடியில் கல் பரப்பினாலும் பயனில்லை, ஈர அடுக்கு கல்லுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

பண்ணைக்காரர்கள் பக்கமும் நியாயம் உண்டு. பீட் எடை குறைவு, பயணத்தில் ஈரம் காக்கும், பசுமைக்குடிலின் வெளிச்சத்திலும் முறையான பாசனத்திலும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் மேலே கூழாங்கல்லைப் பசைபோட்டு ஒட்டுவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. விரலால் மண்ணைத் தொட்டுப் பார்க்கும் வழியையே அடைத்துவிடுகிறார்கள்.

அகடாமா (ஜப்பானியக் களிமண் துகள்), பியூமிஸ் (நுரைக்கல்), லாவா கல் (எரிமலைக் கல்) மூன்றையும் சமமாகக் கலந்து, தூசியைச் சலித்து எடுத்துவிட்டு, 2 முதல் 6 மி.மீ. துகளை மட்டும் போட்டபின் கதையே மாறியது. தண்ணீர் நொடிகளில் இறங்குகிறது, அளவு மிஞ்சிவிடுமோ என்ற பயம் இல்லை. நான் எதிர்பாராத சந்தோஷம் அகடாமாவின் நிறம். ஈரத்தில் அடர்பழுப்பு, காய்ந்தால் வெளிர்மஞ்சள். தினமும் காலையில் அந்த நிறத்தைப் பார்ப்பதே எனக்குப் பிடித்த வேலையாகிவிட்டது. ஈரமானி இந்தக் கலவையில் உதவாது, துகளுக்கிடையே காற்றுதான் அதிகம். சந்தேகம் வந்தால் ஒரு மரக்குச்சியைச் செருகி எடுத்துப் பார்த்தால் போதும். அகடாமா இரண்டு மூன்று வருடத்தில் பொடிந்துவிடும் என்பது குறைதான். எப்படியும் வேர் கத்தரிக்கும் வேளை அதுவே என்பதால் நான் பொருட்படுத்துவதில்லை.

ஆக, வாங்கலாமா? இவ்வளவு சொல்லிவிட்டும், இன்றைக்கு என் பதில் வேண்டாம் என்பதே. தினமும் கவனிக்க ஆளில்லாத வீட்டில் நல்ல கலவை சீக்கிரம் காய்ந்துவிடும், வந்த மண்ணிலேயே விட்டால் அழுகும். அப்படியும் வாங்குவதாக இருந்தால், கொண்டுவந்த அன்றே ஒட்டுக்கல்லைப் பெயர்த்துவிடுங்கள். மண்ணை மாற்ற மட்டும், மரம் வேகமாகத் துளிர்க்கும் வெப்பமான பருவம்வரை பொறுங்கள்.